மூணு மாச ஒப்பந்தம், ஒன்பது மாச முழங்கால்

1/
மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. கால்பந்து.

ஒரு தொழில்முறை அணியை, கையில் கிளப் இல்லாத ஆட்டக்காரர்களை "இந்த சீசன் முடியற வரைக்கும் மட்டும்" என்று எடுத்தே கட்டிவிடலாமா? கட்டலாம். கோப்பைகூட ஜெயிக்கலாம். ஆனால் அந்த சீசனில் அடிபடுகிறவனின் முழங்காலுக்கு யார் பொறுப்பு என்று எழுதாத ஒப்பந்தம் நியாயமான ஒப்பந்தம் இல்லை. ஏன்னு வரிசையா சொல்றேன். நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

2/
முதலில், ஃப்ரீ ஏஜென்ட்னா யாரு? கிளப்புடன் போட்ட ஒப்பந்தம் முடிந்துபோன ஆட்டக்காரர். அவரை எடுக்க பழைய கிளப்புக்கு மாற்றுத் தொகை தர வேண்டியதில்லை.

இது சும்மா கிடைத்த சலுகை இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜீன் மார்க் போஸ்மேன் என்ற ஆட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்த பிறகும் தன்னை விடாமல் பணம் கேட்ட கிளப்பை எதிர்த்து வழக்கு நடத்தினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆக, ஃப்ரீ ஏஜென்ட் என்பது ஆட்டக்காரன் போராடி வாங்கிய உரிமை. அதை நான் குறை சொல்லவே இல்லை.

3/
அடுத்து, எவ்வளவு குறுகிய ஒப்பந்தம் போடலாம்? ஃபிஃபா விதிப்படி, குறைந்தபட்சம் கையெழுத்திட்ட நாளிலிருந்து அந்த சீசன் முடியும் வரை. அதிகபட்சம் 5 ஆண்டுகள்.

இங்கிலாந்தில் சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே வரை ஓடும். அங்கே ஒரு சீசன் ஒப்பந்தம்னா கிட்டத்தட்ட ஒரு வருஷச் சோறு. சீசனே பத்து வாரம்தான் என்றால்? ஒப்பந்தமும் பத்து வாரம். விதிப்படி எல்லாம் சரி. வயித்துக்குத்தான் சரிவராது.

4/
நம்ம ஐஎஸ்எல் அப்படித்தான் பிறந்தது. முதல் சீசன் 2014 அக்டோபர் 12 அன்று தொடங்கி டிசம்பர் 20 அன்று முடிந்தது. மொத்தமே 10 வாரம். இந்திய ஆட்டக்காரர்களில் பலர் ஐ-லீக் கிளப்களிலிருந்து இரவலாக வந்தவர்கள். வெளிநாட்டு நட்சத்திரங்கள் வந்து, ஆடி, டிசம்பரில் விமானம் ஏறிவிடுவார்கள்.

5/
"அப்படி வந்த அணிதானே சார் நமக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துச்சு?" நியாயமான கேள்வி.

2015ல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்த நேரம். சென்னையின் எஃப்சியின் அரையிறுதி வீட்டு ஆட்டமே புனேவுக்கு மாறியது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் மெண்டோசா அடித்த கோலில் 3-2 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் 13 கோல் போட்ட மெண்டோசா, பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப்பிலிருந்து இரவல் வந்தவர்.

6/
ஆனால் அந்த அணியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. எலானோ, மெண்டோசா, மெண்டி, ஜெஜே எல்லாரும் முந்தைய ஆண்டும் இதே அணியில் ஆடியவர்கள். பயிற்சியாளர் மட்டராஸியும் அதே ஆள்தான். காகிதத்தில் மூணு மாச ஒப்பந்தம். நடைமுறையில் ரெண்டு வருஷ அணி.

2018 மார்ச் 17, பெங்களூருவில் இறுதி ஆட்டம். மறுபடி 3-2. மூன்று கோலையும் அடித்தது மைல்சன் ஆல்வ்ஸும் ரஃபேல் அகஸ்டோவும். ரெண்டு பேருமே 2015 கோப்பை அணியில் இருந்தவர்கள்.

7/
பழைய ஆட்களை வைத்துக்கொண்டாலே ஜெயித்துவிடலாம் என்றும் சொல்லவில்லை. 2018 கோப்பை அணியில் பலரை வைத்துக்கொண்டு இறங்கிய அதே கிளப், அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. அதையும் சொல்லணும்ல.

குறுகிய ஒப்பந்தம் ஓட்டையை அடைக்க உதவும். அணியின் நடு எலும்பை அதால் கட்ட முடியாது என்பதுதான் என் வாதம்.

8/
குற்றாலத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாரல் விழுந்ததும் அருவிக்குப் போற வழியெல்லாம் சீசன் கடை முளைக்கும். ரம்புட்டான், மங்குஸ்தான் குவிச்சு வச்சிருப்பாங்க. தண்ணி வத்தினதும் கடையைப் பிரிச்சிட்டுப் போயிருவாங்க. அதில் தப்பு ஒண்ணுமில்ல, வியாபாரம் அது.

ஆனா அந்த மங்குஸ்தான் மரம் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். எவனோ ஒருத்தன் மலையில் நட்டு, தண்ணி ஊத்தி, காத்துக் கிடந்ததால்தான் சீசன் கடைக்குப் பழம் வருது. எல்லாரும் கடை மட்டும் போட்டா பழத்துக்கு எங்க போறது?

9/
இதை இப்ப பேசக் காரணம் இருக்கு. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் தன் முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. லீக்கை நடத்தும் உரிமைக்கு டெண்டர் விட்டால் ஒருத்தர்கூட வரவில்லை. கடைசியில் 2026 ஜனவரியில், பிப்ரவரி 14 முதல் 14 கிளப்களுடன் சுருக்கமான சீசன் என்று அறிவிப்பு வந்தது. ஒரு கிளப்புக்கு 13 ஆட்டம்.

அடுத்த வருஷம் லீக் இருக்குமான்னே தெரியாத கிளப், மூணு வருஷ ஒப்பந்தம் போடுமா? போடாது. கிளப் பக்கத்து பயம் எனக்குப் புரியுது. ஆனா அந்த பயத்தின் விலையை யார் தலையில் கட்டுறோம்? அங்கேதான் டாக்டர் உள்ளே வர்றேன்.

10/
முழங்காலுக்குள் ஏசிஎல் என்று ஒரு ஜவ்வு இருக்கு. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஓடிக்கொண்டே சட்டெனத் திரும்பும்போது "டப்"புனு கிழியும். பக்கத்தில் ஒருத்தன்கூட இருக்க வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம். 2016ல் வெளிவந்த ஒரு நார்வே-அமெரிக்க ஆய்வு, 9 மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு சுமார் பாதியாகக் குறைகிறது என்று காட்டியது. அவசரப்பட்டா ரெண்டாவது ஆபரேஷன்.

11/
கணக்கு போடுங்க. 10 வார ஒப்பந்தம். நாலாவது வாரம் ஜவ்வு கிழியுது. ஸ்கேன், வீக்கம் வடிய நேரம், ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சு அவன் ஊன்றுகோலை ஓரமா வைக்கும்போது ஒப்பந்தம் முடிஞ்சிரும். இன்னும் ஏழெட்டு மாசம் பிசியோ பாக்கி. அந்தச் செலவு யாருடையது? அந்த மாதங்களுக்குச் சம்பளம்?

"ஒப்பந்தம் முடிஞ்சவர்"னு சொல்லி ஒதுங்கிட்டா அவன் ஃப்ரீ ஏஜென்ட்தான். நொண்டிக்கிட்டு நிக்கிற ஃப்ரீ ஏஜென்ட்.

12/
இதுக்கு நேர்மாறா ஒண்ணு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ். 2020 நவம்பர் 20, ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டம். ஏடிகே மோகன் பகானுக்காக இறங்கியவர், கால் மணி நேரம்கூட ஆகாமல் முழங்கால் காயத்துடன் வெளியே வந்தார். அந்த சீசன் முழுக்கப் போச்சு.

ஆனால் அவர் அடுத்த சீசனிலும் அதே கிளப்பின் ஆள். திரும்பி வர ஒரு வீடு இருந்தது. அதே காயம் சீசன் முடிவு வரைக்கும் மட்டும் கையெழுத்துப் போட்ட ஒரு பையனுக்கு நடந்திருந்தா? யோசிச்சுப் பாருங்க.

13/
இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஒப்பந்தம் குட்டையா இருந்தா ஆட்டக்காரன் வலியை மறைப்பான். ரெண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தா அடுத்த ஒப்பந்தம் கிடைக்காதுன்னு அவனுக்குத் தெரியும்.

தென்காசியில் டோர்னமென்ட் நடக்கும் நாட்களில் இதை நேரிலேயே பார்க்கிறேன். கணுக்கால் வீங்கி வந்து நிப்பான். "சார், ஒரு ஊசி மட்டும் போட்டு விடுங்க சார், நாளைக்கு செமி ஃபைனல்." வலி ஊசி காயத்தை ஆத்தாது தம்பி, காயம் இருக்குன்னு சொல்ற மணியோட ஒயரை அறுத்துவிடும், அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய் பரிசுக்கே இப்படின்னா, வருஷ வருமானமே மூணு மாசத்தில் அடங்கிப்போனவன் என்ன செய்வான்?

14/
அடுத்தது தொடையின் பின்பக்கத் தசை, ஹாம்ஸ்ட்ரிங். ஐரோப்பாவின் பெரிய கிளப்களை 21 சீசன் பின்தொடர்ந்த ஆய்வில், மொத்தக் காயங்களில் இதன் பங்கு 12 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக உயர்ந்தது. அங்கேயே இந்த நிலை.

கிளப் இல்லாமல் மாசக்கணக்கில் தனியா ஓடிக்கொண்டிருந்தவனை, லீக் தொடங்க ரெண்டு வாரம் இருக்கும்போது இறக்கிவிட்டால் தசை தாங்காது. சீசனுக்கு முன் அதிக நாள் பயிற்சி எடுத்த அணிகளில் சீசன் நேரக் காயம் குறைவு என்பதையும் அதே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் கட்டிய அணிக்கு இல்லாதது அந்த நாட்கள்தான்.

15/
புளியரை தாண்டினா கேரளா. அங்கே மலப்புரம் பக்கம் செவன்ஸ் ஆட்டத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் சீசனுக்கு வருவது உங்களுக்குத் தெரியும். 2018ல் வந்த "சூடானி ஃப்ரம் நைஜீரியா" படத்தின் கதையே இதுதான். காலில் அடிபட்டுப் படுத்த நைஜீரிய ஆட்டக்காரனை மேனேஜர் வீட்டுக்குக் கூட்டி வர்றார். அவரோட உம்மா பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிறாங்க.

படம் பார்த்து நானும் அழுதேன். ஆனா அந்தப் பையனோட வைத்தியம் ஒரு நல்ல மனுஷியின் மனசை நம்பி இருந்தது. ஒப்பந்தத்தில் அவனுக்கு ஒரு வரிகூட இல்லை.

16/
"ஒரு கிளப்பால் இந்தச் செலவைத் தாங்க முடியுமா டாக்டர்?" தனியா தாங்க வேண்டாம், காப்பீடு எதுக்கு இருக்கு?

ஃபிஃபாவிடமே முன்மாதிரி உண்டு. நாட்டுக்காக ஆடப்போன ஆட்டக்காரர் அடிபட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அவருடைய கிளப்புக்கு ஃபிஃபா இழப்பீடு தருகிறது. ஒரு நாளுக்கு 20,548 யூரோ வரை, அதிகபட்சம் ஒரு வருஷம். கிளப்பின் நஷ்டத்துக்கு இவ்வளவு யோசிக்கிற விளையாட்டு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனின் நஷ்டத்துக்கும் யோசிக்கலாம்.

17/
நான் கேட்பது மூணுதான்.

ஒண்ணு: ஆடும்போது வந்த காயத்துக்கான சிகிச்சையும் பிசியோவும், ஒப்பந்தத் தேதி முடிந்தாலும் குணமாகும் வரை, அல்லது 12 மாதம் வரை கிளப் பொறுப்பு. இதற்கான காப்பீடு இல்லாத கிளப்புக்கு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் உரிமம் தரக்கூடாது.

ரெண்டு: சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனை, பிறகு எடுத்த எம்ஆர்ஐ, ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றின் நகலும் ஆட்டக்காரன் கையில் இருக்கணும். காயம் புதுசா பழசா என்ற சண்டைக்கு அதுதான் சாட்சி.

மூணு: ஆடும் தகுதியை முடிவு செய்யும் டாக்டருக்கு, பயிற்சியாளர் சொல்வதை மீறவும் அதிகாரம் வேணும்.

18/
கடைசியா, பிள்ளைகளை அகாடமிக்கும் கிளப்புக்கும் அனுப்பும் பெற்றோருக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் கேளுங்க.

அடிபட்டா ஆபரேஷன் செலவு யாருடையது? பிசியோ எத்தனை மாசம்? ஆட முடியாத மாசத்துக்குச் சம்பளம் உண்டா? இதெல்லாம் எழுத்தில் இருக்கா?

இன்னும் ரெண்டு விதி தெரிஞ்சுக்கோங்க. மருத்துவப் பரிசோதனையில் பாஸானால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட ஃபிஃபா விதி அனுமதிக்காது. சோதிக்கணும்னா கையெழுத்துக்கு முன்னாடியே சோதிக்கணும். ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்க ஆட்டக்காரனுக்கு உரிமை உண்டு.

ஒப்பந்தத்தை வாங்கிட்டு வந்து வீட்டில் வச்சு நிதானமா படிங்க. புரியலைன்னா தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. காயம் பற்றிய பக்கம் புரியலைன்னா உங்க ஊர் டாக்டர்கிட்ட கேளுங்க, சொல்லித் தருவார். பந்து ஆடுற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்பி வைங்க.


தென்காசியிலிருந்து ஒரு பொது மருத்துவர்