மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பாள்?

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் தினசரி மாத்திரைக்கு அமெரிக்கா 2012-லேயே ஒப்புதல் தந்துவிட்டது. ஆணுறை போட மறுக்கும் கணவனின் தயவு இல்லாமலேயே ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்பது நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2009-இல் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் சுமார் 5,000 பெண்களிடம் தொடங்கிய ‘வாய்ஸ்’ ஆய்வில் இந்த மாத்திரை பலன் தரவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ரத்த மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. ‘பெண்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை’ என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் டப்பாவைப் பார்த்தால் நோயாளி என்று ஊர் பேசும், துணைவன் சந்தேகப்படுவான் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. ‘சேரிக்காரங்க சொன்னா கேக்க மாட்டாங்க’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பழி யார் தலையில் விழும் என்று தெரியும்.

கொல்கத்தாவிலும் மைசூருவிலும் பாலியல் தொழிலாளர்களின் சொந்த அமைப்புகளே முன்னின்று இதே மாத்திரையைக் கொடுத்தன. 1,300-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் விடாமல் சாப்பிட்டார்கள். அதே மாத்திரைதான். யார் கையால், எந்த மரியாதையோடு வந்தது என்பதுதான் வேறு.

மாத்திரையை ஒளிக்க முடியாதவளுக்கு இன்று வேறு வழிகளும் உண்டு. மாதம் ஒருமுறை பிறப்புறுப்புக்குள் பொருத்தும் டாபிவிரின் வளையம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கபோடெக்ராவிர் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெனகபாவிர் ஊசி. இதில் வளையத்தின் பாதுகாப்பு குறைவு. லெனகபாவிர் ஊசியோ, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவிடவில்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது.

அமெரிக்காவில் இதன் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ நிறுவனங்களின் மருந்து 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டாலரில் கிடைக்கும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. ஆக, விலையைக் காட்டி இனி தட்டிக்கழிக்க முடியாது.

நாம் கேட்க வேண்டியது இது: எல்லா வழிகளும் அரசு மருத்துவமனையில் இலவசமாக வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும். திருமணமானவள், கூலிவேலை செய்பவள், பாலியல் தொழில் செய்பவள் யாராக இருந்தாலும் ‘உனக்கு எதுக்கு இது?’ என்ற கேள்வி கூடாது. இவை எதுவும் கர்ப்பத்தையோ பிற பால்வினை நோய்களையோ தடுக்காது, ஆணுறை தேவைதான். முதல் படி எச்.ஐ.வி. பரிசோதனை. அதற்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. 1097-க்கு இலவசமாக அழைக்கலாம். உங்கள் அடுத்த பகுதிக் கூட்டத்தில் பெண்களிடம் இதைப் பேசுங்கள்.