வாளையார் தாண்டும் பில்லும் ஆப்ஸ்ட்ராக்ட் கிளாஸும்

பொட்டி தட்டிப் பிழைக்கும் நம்ம ஜனங்க வீட்டுப் பிள்ளைகள் இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே ஜாவா படிக்கிறார்கள். ஆப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்றால் என்னடா என்று கேட்டுப் பாருங்கள். "விலங்குதான் ஆப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும்" என்று ஒப்பிப்பார்கள். தப்பில்லை. ஆனால் பூனை கத்தாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? என்னைக் கேட்டால் நாய் பூனையை விட்டுவிட்டு வாளையாரைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம்.

கோவையிலிருந்து பாலக்காடு போனவர்களுக்கு வாளையார் தெரிந்திருக்கும். 2017 வரைக்கும் சரக்கு லாரிகள் அங்கே வரிசைகட்டி நிற்கும். வணிகவரி சோதனைச்சாவடியில் பில்லைக் காட்டிவிட்டுத்தான் நகர முடியும்.

2005ல் வாட் வரி வந்தபோது, அதன் பொது அமைப்பை மாநில நிதியமைச்சர்கள் குழு வகுத்துக் கொடுத்தது. சட்டத்தை அந்தந்த மாநிலம்தான் போட்டுக்கொண்டது. கேரளா 2005 ஏப்ரல் 1ல் தொடங்கியது. தமிழ்நாடு 2007 ஜனவரி 1ல்தான் சேர்ந்தது. நடுவில் 21 மாசம், வாளையாருக்கு அந்தப் பக்கம் வாட், இந்தப் பக்கம் பழைய விற்பனை வரி!

இப்போது இரண்டு பக்கமும் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அந்தக் காலத்தில் பில் போடும் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பில் நம்பர், கூட்டல், பிரிண்ட் எல்லாம் இரண்டு கடைக்கும் ஒன்றுதான். அதைத் தாய் கிளாஸில் ஒரே தடவை எழுதிவிடலாம். வரிக் கணக்கு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்த மெத்தடுக்குப் பெயர் மட்டும் வைத்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்று அறிவித்துவிட வேண்டும். கேரளா, தமிழ்நாடு என்ற சேய் கிளாஸ்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிக்கொள்ளும். தாய் கிளாஸிலிருந்து நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது. நியாயம்தானே? வெறும் 'மாநிலம்' என்ற பெயரில் எந்த மாநிலமும் இல்லையே.

"சும்மா பூஜ்யம் என்று போட்டுவைப்போம், வேண்டியவன் மாற்றிக்கொள்வான்" என்று சொல்லும் ஆசாமிகள் எல்லா ஆபீஸிலும் உண்டு. நான் சண்டை போடுவது இங்கேதான். புதிதாகக் கர்நாடகாவைச் சேர்ப்பவர் அந்த மெத்தடை மறந்துவிட்டால் மென்பொருள் ஒரு வார்த்தை முனகாது. வரியே இல்லாத பில்லை அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடும். லாரி சாவடியில் நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். மெத்தட் ஆப்ஸ்ட்ராக்டாக இருந்தால், ஜாவா கம்பைலர் கிளம்பும் முன்பே கையைப் பிடித்து நிறுத்தும். பைதானில் ஆப்ஜெக்ட் உருவாக்கும்போது பிழை வரும். மாட்டிக்கொள்வது டிரைவரா, நிரல் எழுதியவரா என்பதுதான் வித்தியாசம்.

பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரேகான் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. அங்கே பூஜ்யம் என்பது யோசித்துச் சொன்ன பதில். தாய் கிளாஸில் போட்டுவைத்த பூஜ்யமோ யாருமே பதில் சொல்லவில்லை என்பதை மறைக்கும் பூசுவேலை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தது, வாளையாரில் வணிகவரிச் சோதனை நின்றது. ஒரு பொருளுக்கு நாடு முழுக்க ஒரே விகிதம். இப்போது மாநிலத்துக்கு ஒரு சேய் கிளாஸ் எதற்கு? 18 சதவீதப் பொருளை மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரி 9, மாநில வரி 9. எல்லை தாண்டி விற்றால் ஐஜிஎஸ்டி 18. சேய்கள் இனி 'உள்மாநில விற்பனை', 'வெளிமாநில விற்பனை' என்ற இரண்டுதான். வேறுபாடு இடம் மாறினால் ஆப்ஸ்ட்ராக்ட் மெத்தடும் இடம் மாற வேண்டும். பழைய பாசத்தில் முப்பது சேய் கிளாஸை வைத்து மேய்ப்பது வெட்டியாக ஆணி பிடுங்குகிற வேலை :-)

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: நிஜமாகவே வேறுபடுவதை மட்டும் காலியாக விடு. காலியாக விட்டதை, காலி என்று வெளிப்படையாகச் சொல்லு. புரிந்ததா என்று பார்க்க ஒரு வீட்டுப்பாடமும் உண்டு. பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியேதான், வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்த பில்லுக்குத் தாய் எது, சேய் எது என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பூனையை விட்டு நம்ம பிள்ளைகள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.