குறித்த நாளில் இணைப்பு: வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம் எடுப்போரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டில் சொந்த மொட்டை மாடியில் சோலார் பேனல் அமைத்திருப்பவர்களும் அமைக்கவிருப்பவர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை மாநில அரசுக்கும், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கும், மின் பகிர்மானக் கழகத்துக்கும் முன்வைக்கிறோம். இதில் கேட்பவற்றுள் பல, 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளிலும் 2024 பிப்ரவரியில் அவற்றுக்கு வந்த திருத்தத்திலும் ஏற்கெனவே எழுதப்பட்டவை. கேட்பது நியாயமா என்று இனி யாரும் ஆராய வேண்டியதில்லை. என்றைக்கு நடக்கும் என்று சொல்லுங்கள்.

10 கிலோவாட் வரையிலான விண்ணப்பம் முழுமையாக இருந்தால், அது ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும். தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இதற்குத் தேவையில்லை என்று விதி சொல்கிறது. வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்ட வேண்டியிருந்தால் அதைச் செய்வதும் பகிர்மான நிறுவனத்தின் வேலை. எனவே எல்லாப் பிரிவு அலுவலகங்களுக்கும் ஒரே சுற்றறிக்கை போக வேண்டும்: என்னென்ன தாள்கள் வேண்டும் என்ற பட்டியல் ஒன்று, விண்ணப்பம் கொடுத்த அன்றே தேதியிட்ட ரசீது ஒன்று. பட்டியலில் இல்லாத தாளைப் பிறகு யாரும் கேட்கக் கூடாது. இதற்குப் பணச் செலவே கிடையாது, இந்த மாதமே செய்துவிடலாம்.

அடுத்தது மீட்டர். காத்திருப்பு எங்களுக்கு அதிக இழப்பைத் தருவது இங்கேதான். பேனல் மாட்டி முடித்த சான்றிதழைக் கொடுத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் ஒப்பந்தம், மீட்டர், இணைப்பு மூன்றும் முடிந்தாக வேண்டும். வீடுகளில் உள்ள பழைய மின்னணு மீட்டர்களில் பல, மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் வீட்டுக்காரர் பயன்படுத்தியதாகவே கணக்கில் ஏற்றும். அதாவது, கம்பிக்கு நாம் கொடுத்த யூனிட்டுக்கு நாமே பணம் கட்ட நேரிடும். இதனால், எடுப்பதையும் கொடுப்பதையும் தனித்தனியே அளக்கும் இருவழி மீட்டர் வரும்வரை இன்வெர்ட்டரை அணைத்து வைப்பதைத் தவிர வழியில்லை. 3 கிலோவாட் அமைப்பு நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 12 யூனிட் தரும். ஒரு மாதம் சும்மா கிடந்தால் 300 யூனிட்டுக்கு மேல் வீண். கடன் வாங்கிப் பேனல் அமைத்தவருக்கு அந்த மாதத்துக்கும் வங்கித் தவணை உண்டு. பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியமும் இணைப்பு முடிந்த பிறகே கணக்குக்கு வரும். ஒவ்வொரு கோட்டத்திலும் எத்தனை இருவழி மீட்டர்கள் கையிருப்பில் உள்ளன என்பதை வாரந்தோறும் வெளியிடுங்கள். இருப்பு இல்லையென்றால், ஒப்புதல் பெற்ற மீட்டரை நாங்களே வாங்கித் தருகிறோம். அதைச் சோதித்து முத்திரையிடுவதும் அந்த 15 நாட்களுக்குள் அடங்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மரில் இடமில்லை என்று சிறு வீட்டாரைத் திருப்பி அனுப்பக் கூடாது. 5 கிலோவாட் வரையிலான அமைப்புக்காக டிரான்ஸ்பார்மரையோ கம்பியையோ வலுப்படுத்த வேண்டியிருந்தால், அந்தச் செலவு பகிர்மான நிறுவனத்துடையது. தெருவில் முதலில் விண்ணப்பித்தவருக்கு ஒரு நீதி, பத்தாவதாக வந்தவருக்கு வேறு நீதி என்று ஆகிவிடக் கூடாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கு, படித்தால் புரியும்படி இருக்க வேண்டும். எடுத்த யூனிட், கொடுத்த யூனிட், ஈடு செய்தது, அடுத்த கணக்குக்குக் கொண்டு போனது ஆகியவை தனித்தனி வரிகளில் வேண்டும். இலவச 100 யூனிட் எந்த இடத்தில் கழிக்கப்பட்டது என்பதும், மின் வலையமைப்புக்கெனக் கட்டணம் பிடித்திருந்தால் அதுவும் தெரிய வேண்டும். நாங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தமும் தமிழில் வேண்டும்.

பேட்டரிக்கு இன்னும் கூடுதல் தெளிவு தேவை. மின்தடை வந்தால் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அது சரியான ஏற்பாடு, கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் அதை நம்பியிருக்கிறது. ஆனால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர், வீட்டை வெளிக் கம்பியிலிருந்து முழுக்கத் துண்டித்துவிட்டு உள்ளே மட்டும் விளக்கையும் மின்விசிறியையும் ஓட்டும். 2018இல் கஜா புயலுக்குப் பின் டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. தண்ணீர் இறைக்கவும் வழியில்லாமல் போனது. எந்த வகை இன்வெர்ட்டர், எந்தத் துண்டிப்பு சுவிட்ச், எப்படிப்பட்ட எர்த், யார் வந்து பார்ப்பார்கள் என்பதை ஒரே ஆவணமாக, மாநிலம் முழுவதற்கும் பொதுவாக, வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெளியிடுங்கள். பகலில் சேமித்ததை மாலை நெருக்கடி நேரத்தில் கம்பிக்குத் தரவும் நாங்கள் தயார். அதற்கான விலையை ஆணையம் அறிவிக்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்குச் சொந்தக் கூரை இல்லை, ஆனால் பொது மாடியில் பங்கு உண்டு. அங்கே விளையும் மின்சாரத்தை ஒவ்வொரு வீட்டின் கணக்கிலும் பிரித்து வரவு வைக்கும் முறைக்கு டெல்லியில் 2019இலேயே நெறிமுறை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடியிருப்பும் எளிதாகப் பயன்படுத்தும்படி அந்த வழி திறந்திருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரும் அதில் சேர முடிய வேண்டும்.

கடைசியாக, தாமதத்துக்கான இழப்பீடு. தகுந்த காரணமின்றித் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய்க்குக் குறையாமல் நுகர்வோருக்குத் தர வேண்டும் என்று 2020 விதிகளே கூறுகின்றன. இதைப் பெறத் தனி மனு எழுதி அலைய வைக்காதீர்கள். பேனல் மாட்டி முடித்த சான்றிதழைக் கொடுத்த தேதியும் இணைப்பு முடிந்த தேதியும் கணினியில் இருக்கும். பதினாறாம் நாளிலிருந்து தொகையைக் கணக்கிட்டு, அடுத்த மின் கணக்கிலேயே கழித்துவிடுங்கள். எந்தப் பிரிவு அலுவலகத்தில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதை மாதந்தோறும் அதன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.