நடவுக்கு முன் விதை வேண்டும்: கோர்க்கா உழவர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்: மலைக்கிராம உழவர் சங்கத்தார், கோர்க்கா மாவட்டம், நேபாளம்

பெறுநர்: தலைமை மாவட்ட அதிகாரி, கோர்க்கா, மாவட்ட வேளாண் வளர்ச்சி அலுவலர், கோர்க்கா

நாள்: ஜூன் 2015

பொருள்: நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட மலைக்கிராமங்களுக்கு உணவுப் பொருள்களும், நடவுப் பருவம் தவறாமல் விதை, கால்நடை, கூலி வேலையும் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

ஏப்ரல் 25 அன்று நண்பகலை நெருங்கும் வேளையில், இம்மாவட்டத்தின் பர்பாக் அருகே மையம் கொண்டு 7.8 அளவில் நிலம் அதிர்ந்தது. மே 12 அன்று மீண்டும் 7.3 அளவில் ஓர் அதிர்வு. நாடு முழுவதும் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். சுமார் 5 லட்சம் வீடுகள் தரைமட்டமாயின.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய மலைவீடுதான் உழவரின் களஞ்சியமும். குதிரில் இருந்த நெல், உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட மக்காச்சோளக் கதிர், அடுத்த நடவுக்கென்று எடுத்துவைத்த விதை எல்லாமே இடிபாட்டுக்குள் போயின. தொழுவம் சரிந்து எருமைகளும் ஆடுகளும் மடிந்தன.

முதல் நாள்களில் வந்த அவலும் நூடுல்ஸும் அரிசியும் பசியாற்றின. அவற்றைக் கொண்டுவந்த அனைவருக்கும் சங்கம் நன்றி கூறுகிறது. இப்போது மழைக்காலம் தொடங்குகிறது. நேபாள நாட்காட்டியின் அசார் மாதத்தில் (ஜூன்-ஜூலை) நாற்று நடாவிட்டால் நவம்பரில் அறுவடை இல்லை. அடுத்த ஆண்டும் இம்மலைகள் நிவாரண மூட்டைக்காகவே காத்திருக்க நேரும். எனவே சங்கம் கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறது.

1. விதை: நடவுத் திருநாளான அசார் 15-க்கு முன் விதை கிராமங்களுக்கு வந்து சேர வேண்டும். தராய் சமவெளியின் நெல் ரகங்கள் மலைக்குளிரில் சரியாக விளையாது. நடுமலைப் பகுதிகளுக்குக் குமல்-4 போன்ற ரகங்களையும், அதற்கும் மேலுள்ள ஊர்களுக்குக் கேழ்வரகு விதையையும் தர வேண்டும். மக்காச்சோளத்துக்கு இடையிலேயே கேழ்வரகு நாற்றை நடலாம் என்பதால், நெல் நடவு தவறிய வீட்டுக்கும் ஒரு விளைச்சல் மிஞ்சும். விதையை மழையிலிருந்து காக்கக் காற்றுப்புகாத பைகளும் தேவை.

2. உணவு: அறுவடை வரும்வரை அரிசியோடு பருப்பு, எண்ணெய், உப்பு ஆகியவற்றை மாதந்தோறும் வழங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சத்துணவு தனியே வேண்டும்.

3. கூலி வேலை: நிலச்சரிவில் வழித்தடங்களும் பாசன வாய்க்கால்களும் அறுந்துகிடக்கின்றன. மனாஸ்லு மலையேற்றப் பாதையில் சுமை தூக்கிப் பிழைத்தவர்கள் பயணிகள் இன்றி வருமானம் இழந்து நிற்கிறார்கள். உலக உணவுத் திட்டம் சுமைக்காரர்களையும் கோவேறு கழுதைகளையும் கொண்டு எட்டாத ஊர்களுக்கு உணவு அனுப்புகிறது. அதே வழியில் பாதைச் சீரமைப்பையும் உள்ளூர்க்காரர்களிடம் ஒப்படைத்து, அன்றைய கூலியைப் பணமாகத் தர வேண்டும்.

4. கால்நடை: உழவு மாடு இழந்த குடும்பங்களுக்கு மானியமும், எஞ்சிய கால்நடைகளுக்குத் தற்காலிகக் கொட்டகையும் தீவனமும் வேண்டும். எரு இல்லாமல் படிக்கட்டு வயல்கள் விளையா.

5. ஆவணங்கள்: நிலப் பட்டாவான லால்பூர்ஜா பல வீடுகளில் இடிபாட்டோடு அழிந்துவிட்டது. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் ஆண்கள் வேலைபார்க்க, குடும்பத்தை நடத்தும் பெண்கள் பலரின் பெயரில் நிலமே இல்லை. குத்தகைக்காரர்களுக்கும் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கும் காட்ட எந்தக் காகிதமும் கிடையாது. கிராம வளர்ச்சிக் குழுவும் அக்கம்பக்கத்தாரும் தரும் சான்றையே போதுமானதாக ஏற்று, இவர்கள் அனைவரையும் பயனாளிகளாகச் சேர்க்க வேண்டும்.

உணவு இறையாண்மையைக் குடிமக்களின் உரிமையாக 2007 இடைக்கால அரசியலமைப்பு ஏற்றிருக்கிறது. அந்த உரிமையின் பேரிலேயே சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

பயனாளிகள் பட்டியலை ஒவ்வொரு ஊரிலும் பொது இடத்தில் ஒட்டவும், அசார் 15-க்கு முன் கிராமப் பிரதிநிதிகளை அழைத்துக் கூட்டம் நடத்தவும், ஒவ்வொரு கோரிக்கையின் மீதும் எடுத்த முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்