நிற்பதற்கா கூலி?

இராதாபுரம் வட்டம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால், அவ்வட்டத்து இளைஞரும் மங்கையரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வண்டி ஏறுகின்றனர். பலருக்குக் கிடைப்பது ஜவுளிக்கடை வேலை. புடவையை விரித்து, விரித்ததை மடித்து, மீண்டும் விரித்து – அத்தனையும் நின்றபடி! வாடிக்கையாளர் வராத வேளையிலும் நின்றே தீரவேண்டும். அமர்ந்தாலோ மேற்பார்வையாளர் முகம் சிவக்கும்.

தோழர்களே! 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. மிகைநேரம் சேர்ந்தாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டலாகாது என்றது. அமர்வதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விற்பனைப் பெண்கள் போராடினர். 2018இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றமும் 22-அ பிரிவைச் சேர்த்தது. ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை வேண்டும். வேலையினிடையே வாய்ப்புக் கிட்டும்போது அவர்கள் அமர இயலவேண்டும் – இதுவே அதன் ஆணை.

"முக்காலி போட்டுவிட்டோமே!" என்பார் முதலாளி. யார் மறுத்தார்? அதன்மேல் துணிமூட்டை அல்லவா அமர்ந்திருக்கிறது! துணிக்குக் கால் வலிக்குமோ?

சட்டத்தின் இடுக்கு "வாய்ப்பு" என்ற சொல்லில் இருக்கிறது. வாய்ப்பு எப்போதென்று மேற்பார்வையாளரே முடிவு செய்தால், அந்த வாய்ப்பு வரவே வராது. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் வாய்ப்பே எனக் கடைச் சுவரில் எழுதி ஒட்டச் செய்யவேண்டும். தீபாவளித் துணி எடுக்கச் செல்லும் தோழர், விலையைக் கேட்குமுன், "இவர்கள் உட்கார இடம் எங்கே?" என்று கேட்கட்டும். நெல்லையிலேயே கேட்கலாம், சென்னைவரை போகவேண்டியதில்லை.