"நாளைக்கு வாறேன் தாத்தா"



ஓடு மாற்றவோ, குளியலறையை உடைத்துக் கட்டவோ எப்போதாவது ஆள் தேடியிருக்கிறீர்களா? தேடியிருந்தால் தலைப்பைப் பார்த்ததுமே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

என் உறவுக்காரச் சகோதரி ஒருவரின் கதையைக் கேளுங்கள். கணவர் கட்டாரில். மகளின் நிக்காஹ்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது குளியலறைக்கு டைல் பதிக்க மேசன் பாஸ் ஒருவரைப் பிடித்தார். ஹார்ட்வெயார் கடையில் நின்ற யாரோ சொன்ன ஆள், அவ்வளவுதான். பாஸ் வந்தார், பார்த்தார், பாதிப் பணத்தை முற்பணமாக வாங்கினார். அன்றே பழைய நிலத்தையும் சுவரையும் உடைத்துப் போட்டார். மூன்றாம் நாள் வாளியை வைத்துவிட்டுப் போனவர்தான்! போன் எடுத்தால், "இன்ஷா அல்லாஹ் நாளைக்கு வாறேன் தாத்தா." வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே இன்ஷா அல்லாஹ் சொல்லும் பழக்கம் நம்மவர்களுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! இரண்டு குமருப் பிள்ளைகளோடு அந்தத் தாய் பதினெட்டு நாள் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போய் வந்தார்.

வாளியை விட்டுப் போவது மறதியல்ல. 'வேறு ஆளைப் போடாதீர்கள், இது என் வேலை' என்பதுதான் அதன் அர்த்தம். இப்படி மூன்று நான்கு வீடுகளைப் பிடித்து வைத்திருப்பார்கள். நல்ல பாஸ்மார் குறைந்துவிட்டதும் உண்மை. நெருக்கடி வந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி நாட்டைவிட்டுப் போனார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களும் அதில் அடக்கம்.

ஸூரத்துல் கஸஸின் 26ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஆளைக் கூலிக்கு அமர்த்துவது பற்றி அங்கே யோசனை சொல்பவர் ஒரு பெண். மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தகப்பனிடம் சொல்கிறார். பலமும் நம்பிக்கையும் உள்ளவர் என்பது அவர் காட்டும் காரணம். அந்தப் பெண் யாரோ சொல்லக் கேட்டுப் பேசவில்லை. தங்கள் ஆடுகளுக்கு அவர் தண்ணீர் புகட்டியதைக் கண்டிருந்தார்.

நாமும் காணலாமே! பாஸ் ஒரு வருடத்துக்கு முன் முடித்த வீட்டின் விலாசத்தைக் கேளுங்கள். அவர் இல்லாத நேரம் போய், அந்த வீட்டுப் பெண்ணிடம் பேசுங்கள். ஒரு வாளித் தண்ணீரை நிலத்தில் ஊற்றிப் பாருங்கள். துவாரத்தை நோக்கி ஓடாமல் மூலையில் தேங்கினால் அந்த பாஸ் வேண்டாம். டைலை விரலால் தட்டினால் வெறுமையாகச் சத்தம் வரக்கூடாது. பிறகு பழுது வந்தபோது திரும்பி வந்தாரா என்றும் கேளுங்கள். என்.வீ.கியூ. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், நல்லதுதான். அது கைவேலையைச் சொல்லும், நம்பிக்கையைச் சொல்லாது.

பேசியதை எழுதிக்கொள்ளுங்கள். கொப்பித் தாள் ஒன்று போதும். "நம்ம நானாதானே, எழுதினால் மனம் நோகுமே" என்று கூச்சப்பட வேண்டாம். குர்ஆனின் மிக நீண்ட வசனமான பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியதுதான். பாதிப் பணத்தை ஒருபோதும் முன்னால் கொடுக்காதீர்கள். சாமானை நீங்களே வாங்கி, கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். மணல் வந்தால் லொறியிலேயே அளவுங்கள். நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கினால் ஒரு கியூபுக்கு 100 வரவேண்டும். வோட்டர் புரூஃபிங் பூச்சு காய்ந்ததும், துவாரத்தை அடைத்து, 24 மணித்தியாலம் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்த பிறகே டைல் பதிக்க விடுங்கள்.

நம் பக்கத்திலும் குறை உண்டு. சீமெந்து வாங்கி வைக்காமல் ஆளை வரச்சொல்லி, பாதி நாளைச் சும்மா இருக்க வைத்து, பின்னேரம் அரைநாள் கூலி என்று வாதாடுகிறோம். பதித்த பிறகு டைலின் நிறம் பிடிக்கவில்லை என்கிறோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவர் ஏன் மறுநாள் வரவேண்டும்?

கணவர் வெளிநாட்டில் என்றால் வேலை நடக்கும் நேரம் சகோதரரோ, வயதான மாமியோ வீட்டில் இருக்கட்டும். முன்கதவும் திறந்தே இருக்கட்டும்.

அந்தச் சகோதரி இரண்டாவது பாஸை, அவர் வேலை செய்த வீட்டைப் பார்த்துவிட்டே பேசினார். வேலை ஒன்பது நாளில் முடிந்தது, நிக்காஹ்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது. முதலாவது பாஸின் வாளியில் இப்போது கறிவேப்பிலைக் கன்று வளர்கிறது. அவர் இன்னும் வரவில்லை.