கூமாப்பட்டிக்குக் கேள்வித்தாளோடு போவது யார்?

2025 ஜூன் மாதம் தமிழ்நாடே கூமாப்பட்டி எங்கே இருக்கிறது என்று தேடியது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர் அது. உள்ளூர் இளைஞர் ஒருவர் ‘ஏங்க’ என்று கூப்பிட்ட இன்ஸ்டாகிராம் ரீல்ஸைப் பார்த்து வண்டி எடுத்துக்கொண்டு வந்தவர்கள், பிளவக்கல் அணைக்குள் அனுமதியில்லை என்று தெரிந்து திரும்பினார்கள்.

ரீல்ஸில் பொய் இல்லை. மலையும் தண்ணீரும் பச்சையும் அங்கே இருப்பவைதான். ஆனால் தென்னந்தோப்பு யாருடையது, தேங்காய் வெட்டுகிறவருக்கு என்ன கூலி, கண்மாய்த் தண்ணீர் கடைமடைக்கு எத்தனை நாள் பாய்கிறது என்பதெல்லாம் கேமராவுக்குள் வராது. அதற்கு வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். சமூக அறிவியலில் கள ஆய்வு என்பது அடிப்படையில் இந்த வேலைதான்.

பார்த்தவர் எண்ணிக்கை பெருகினால் உண்மையும் கூடிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு, 1936 அமெரிக்க அதிபர் தேர்தல் பழைய பாடம். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. லேண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியலை அதிகம் நம்பியதும், விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் போட்டதும் காலை வாரிவிட்டன. ரீல்ஸுக்கு விழும் லைக்கும் விருப்பப்பட்டவர் போட்டதுதான்.

இதற்கு நேர் எதிரான முயற்சி ஒன்று கூமாப்பட்டி இருக்கும் இதே மாவட்டத்தில் நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விசாரித்து எழுதிவரச் சொன்னார். நிலம், கூலி, கடன், ஆடுமாடு, சாப்பாடு என்று எல்லாவற்றையும் பற்றிய விசாரணை. 1918-ல் புத்தகமாக வந்த அந்த ஆய்வில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று, சிவகாசி வட்டாரத்து வடமலாபுரம். அப்போது அது ராமநாதபுரம் மாவட்டம்.

ஸ்லேட்டரோடு இது முடியவில்லை என்பதுதான் விசேஷம். 1930-களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் வெங்கடேஷ் ஆத்ரேயா வடமலாபுரத்துக்குப் போனார். முதல் ஆய்வின்போது சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே கிடையாது. அது 1920-களில்தான் வந்தது. ஒரே தடவை போனவருக்கு அந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது.

குறையில்லாத முறை என்று இதைச் சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்தில் சென்னையில் கல்லூரி வரை போனவர்கள் பெரும்பாலும் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகள். பண்ணையார் வீட்டுப் பையன் வந்து கூலி எவ்வளவு என்று கேட்டால், பண்ணையாள் என்ன பதில் சொல்லியிருப்பார்? கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

இன்றும் அந்தச் சிக்கல் தீரவில்லை. பகல் பதினோரு மணிக்குப் போனால் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போன பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். திண்ணையில் இருக்கும் ஆண்களின் பேச்சே ஊரின் பேச்சாகப் பதிவாகும். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து, வழியில் கண்ட வீடுகளில் மட்டும் கேட்டால், கடைசித் தெரு விட்டுப்போகும். முதலில் எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு, அதிலிருந்து ஐந்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று எடுப்பது இதற்காகத்தான். நோட்டைக் கண்டதும் ஏதோ உதவித்தொகை வரப்போகிறது என்று நினைத்து நிலத்தைக் குறைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. நாலு நாள் பழகிய பிறகு அவர்களே சரியான கணக்கைச் சொல்வார்கள்.

கூமாப்பட்டி பிரபலமான அதே ஜூனில்தான், 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கையை ஒன்றிய அரசு வெளியிட்டது. 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் கணக்கில் வரும் கணக்கெடுப்பு என்பதால் அது முக்கியமானது. ஆனாலும் குத்தகை என்ன, வட்டி என்ன, தோப்பு எப்போது கைமாறியது என்பதைக் கணக்கெடுப்பாளர் கேட்கப்போவதில்லை.

அதைக் கேட்கக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் கல்லூரிகளில் இன்று கூலி வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஸ்லேட்டருக்குக் கிடைக்காத மாணவர்கள் இவர்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் ப்ராஜெக்ட்டுக்குப் பதிலாக, ஒரு செமஸ்டர் விடுமுறையில் இவர்களைச் சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ விசாரிக்கச் சொல்லலாம். ஒரு தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண், கேள்வித்தாள் பேச்சுத் தமிழில். விவரங்களை, பெயர்களை நீக்கிவிட்டு, கல்லூரி நூலகத்தில் வைக்க வேண்டும். ஊர்க்காரர்களைக் கூட்டி வாசித்தும் காட்ட வேண்டும்.

கூமாப்பட்டியிலிருந்து தொடங்கலாம். ரீல்ஸ் பார்த்து வந்த கூட்டத்தால் டீக்கடைக்கு வியாபாரம் கூடியதா, தோப்பு விலை ஏறியதா, வயல் பிளாட் ஆகிறதா என்பது முதல் கேள்வித்தாளில் இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து வேறொரு மாணவர் கூட்டம் அதே வீடுகளின் கதவைத் தட்டட்டும்.